கிளவுட் லைன் வாங்குமுன் கடைக்காரர் கேட்க வேண்டிய கேள்விகள்

கடலூர் முதுநகர் மொத்த வியாபாரி ஒருவர்



நம் ஊர்க் கடைகளில் நாள்வழியும் பேரேடும் கணினிக்குப் போய் வெகு காலமாகிறது. இப்போது அந்தக் கணினிக் கணக்கும் கடையை விட்டுப் புறப்பட்டு, "கிளவுட்" என்று சொல்லப்படும் இடத்துக்குப் போகத் தொடங்கியுள்ளது. மென்பொருள் விற்பவர் வருகிறார், "கணக்கை கிளவுடில் வையுங்கள்" என்கிறார். மறுநாளே லைன் விற்பவர் வருகிறார், "கிளவுடுக்குத் தனி லைன் போட்டால்தான் சரிப்படும்" என்கிறார். இருவரும் சொல்வதில் உண்மை இருக்கலாம். ஆனால் பணம் கட்டப் போவது நாம். எந்த வழியில் இணைப்பது என்று தீர்மானிக்க வேண்டியவரும் நாமே.

கடலூரில் குடோனும் சிதம்பரத்தில் கிளையும் வைத்திருப்பவன் என்ற முறையில், இந்த விஷயத்தை இரண்டு ஆண்டுகளாக விசாரித்துத் தெரிந்துகொண்டதை இங்கே எழுதுகிறேன். சுருக்கமாகச் சொன்னால் இதுதான்: லைனின் வேகத்தைக் கேட்குமுன், "லைன் இரண்டு நாள் அறுந்து கிடந்தால் என் கடையில் பில் போட முடியுமா?" என்று கேளுங்கள். கிடைக்கும் பதிலைப் பொறுத்தே மற்றதெல்லாம்.

கிளவுட் எங்கே இருக்கிறது?

பெயர் மேகம் என்றாலும் அது வானத்தில் இல்லை. நமக்கு வேண்டிய அளவு இடம் வாடகைக்கு எடுத்துச் சரக்கு போட்டு வைக்கும் சேமிப்புக் கிடங்கு போன்றதுதான் இது. நெல் மூட்டைக்குப் பதில் கணக்கு, அவ்வளவே. அமேசான் நிறுவனத்தின் கணினிக் கிடங்குகள் நம் நாட்டில் மும்பையில் 2016இலும், ஹைதராபாத்தில் 2022இலும் சேவைக்கு வந்தன. மைக்ரோசாப்ட் நிறுவனம் 2015இல் சென்னை, புனே, மும்பை ஆகிய மூன்று இடங்களில் தொடங்கியது. கூகுளுக்கு மும்பையிலும் டெல்லியிலும் உள்ளன. நம் தமிழ்நாட்டு ஜோஹோ நிறுவனம் இந்திய வாடிக்கையாளர்களின் கணக்கை மும்பையிலும் சென்னையிலும் வைத்திருக்கிறது.

ஆகவே கடலூரிலோ சிதம்பரத்திலோ உள்ள கடைக்குக் கேள்வி ஒன்றுதான்: நம் கல்லாவிலிருந்து சென்னைக்கோ மும்பைக்கோ கணக்கு எந்தச் சாலையில் போய் வருவது? தூரத்தைப் பற்றிக் கவலை வேண்டாம். ஃபைபரில் செய்தி மும்பைக்குப் போய்த் திரும்பக் கண் இமைக்கும் நேரம் கூட ஆகாது. கவலைப்பட வேண்டியது சாலை துண்டிக்கப்படும் நாளைப் பற்றித்தான்.

வண்டிக்கு முன் சரக்கைப் பாருங்கள்

என்ன சரக்கு என்று தெரியாமல் யாரும் லாரி பேசுவதில்லை. அதுபோல, கிளவுடில் நாம் வைக்கப் போவது என்ன என்பதை முதலில் பிரித்துப் பார்க்க வேண்டும். நம்மைப் போன்றவர்களுக்கு அது மூன்று வகையில் அடங்கும்.

முதல் வகை, ஆயத்தச் சேவை. ஜோஹோ புக்ஸ் போல, மென்பொருளும் கணக்கும் அவர்களிடமே இருக்கும். நாம் கணினியிலோ செல்போனிலோ திறந்து எழுதுகிறோம். இந்தப் போக்குவரத்து ஏற்கெனவே பூட்டிய பெட்டியில்தான் போகிறது. திரையின் மேலே தெரியும் பூட்டுக் குறிக்கு அதுதான் பொருள். இதற்குச் சாதாரண பிராட்பேண்ட் போதும். தனி லைன் வேண்டும் என்று யாராவது சொன்னால் காரணம் கேளுங்கள்.

இரண்டாம் வகை, வாடகைக் கணினி. டாலி போன்ற மென்பொருளை கிளவுடில் உள்ள ஒரு கணினியில் போட்டுவிட்டு, கடையிலிருந்து "ரிமோட் டெஸ்க்டாப்" மூலம் அதை இயக்குவது. கடலூரும் சிதம்பரமும் ஒரே கணக்கைப் பார்க்க இது வசதி. ஆனால் லைன் நின்றால் இரண்டு கடையும் நிற்கும். பூட்டும் நாம்தான் போட வேண்டும்.

மூன்றாம் வகை, நகல் மட்டும். பில்லிங் கடையிலுள்ள கணினியிலேயே நடக்கும். இரவு கடை கட்டிய பிறகு அன்றைய கணக்கின் நகல் கிளவுடுக்குப் போகும். லைன் இரண்டு நாள் இல்லாவிட்டாலும் வியாபாரம் நடக்கும். நகல்தான் இரண்டு நாள் தாமதமாகும்.

உங்கள் கடை எந்த வகை என்று தெரிந்தாலே பாதி முடிவு ஆகிவிட்டது.

நான்கு வழிகள்

முதல் வழி, சாதாரண இணையம். பொதுச் சாலை. செலவு குறைவு. வேகம் பலரோடு பகிர்ந்துகொள்வது. பழுதானால் எப்போது சரியாகும் என்று எழுதித் தர மாட்டார்கள்.

இரண்டாம் வழி, விபிஎன். அதே பொதுச் சாலையில் சீல் வைத்த லாரி போவது போல. உள்ளே என்ன இருக்கிறது என்று வழியில் யாரும் பார்க்க முடியாது. கடையிலுள்ள ரவுட்டருக்கும் கிளவுடுக்கும் இடையே நிரந்தரமாக இதை அமைக்கலாம். ஒன்றை மறக்கக் கூடாது: சீல் வைத்ததால் சாலை நன்றாகிவிடாது. சாலையில் பள்ளம் இருந்தால் சீல் வைத்த லாரியும் அதில்தான் இறங்கும். மற்றொன்று, சாதாரண பிராட்பேண்டில் பல வாடிக்கையாளர்களுக்கு ஒரே வெளிமுகவரியைப் பங்கு போட்டுக் கொடுப்பது வழக்கம். நிரந்தர விபிஎன் அமைக்கப் பெரும்பாலும் நமக்கென்று மாறாத முகவரி கேட்பார்கள். அதை "ஸ்டாட்டிக் ஐபி" என்பார்கள், தனிக் கட்டணம் உண்டு. லைன் வாங்கும்போதே இதைக் கேட்டுக்கொள்வது நல்லது.

மூன்றாம் வழி, லீஸ்டு லைன். இதுவும் இணையம்தான், ஆனால் பேசிய வேகம் நமக்கு மட்டும். அனுப்பவும் வாங்கவும் ஒரே வேகம். பழுதானால் இத்தனை மணி நேரத்தில் சரிசெய்வோம் என்று எழுதித் தருவார்கள். செலவு பிராட்பேண்டை விடப் பல மடங்கு. எழுதித் தந்த நேரத்தில் சரிசெய்யாவிட்டால் வாடகையில் ஒரு பகுதி கழிப்பார்கள். அன்று போன வியாபாரத்துக்கு ஈடு கிடையாது.

நான்காம் வழி, கிளவுட் நிறுவனத்துக்கே நேர் லைன். அமேசான் இதை டைரக்ட் கனெக்ட் என்கிறது, மைக்ரோசாப்ட் எக்ஸ்பிரஸ் ரூட் என்கிறது, கூகுள் இன்டர்கனெக்ட் என்கிறது. இது பொது இணையத்தைத் தொடாமல் போகும் தனி வழி. பெரிய ஆலைகளுக்கு வளாகத்துக்குள்ளேயே ரயில் பாதை வருகிறதே, அதைப் போல. ஆனால் இந்தப் பாதை நம் கடை வாசலில் தொடங்குவதில்லை. சென்னை, மும்பை போன்ற ஊர்களில் குறிப்பிட்ட சந்திப்பு இடங்களில்தான் தொடங்கும். கடலூரிலிருந்து அதுவரை ஒரு தொலைபேசி நிறுவனம் லைன் இழுத்துத் தர வேண்டும். அதற்கு ஒரு வாடகை, கிளவுட் நிறுவனத்தின் வாசலுக்கு ஒரு வாடகை, வெளியே எடுக்கும் கணக்கின் அளவுக்கு ஒரு கட்டணம் என்று செலவு மூன்று பக்கமும் வரும். அமேசானிடம் நேரடியாகக் கேட்டால் 1,000 எம்பிபிஎஸ்சில்தான் ஆரம்பம். இடையிலுள்ள கூட்டு நிறுவனம் மூலம் 50 எம்பிபிஎஸ்சிலிருந்து கிடைக்கும். தனிப் பாதை என்பதால் அதில் போகும் கணக்குக்குத் தானாகவே பூட்டு விழுந்துவிடுவதும் இல்லை. பூட்டு வேண்டுமானால் அதைத் தனியே அமைக்க வேண்டும். இது வங்கிகளுக்கும் பெரிய ஆலைகளுக்கும் உரியது. நமக்கு யாராவது இதை விற்க வந்தால் காபி கொடுத்து அனுப்பிவிடலாம்.

எட்டு படி ஒரு மரக்கால்

எவ்வளவு வேகம் வேண்டும் என்பதைக் கணக்குப் போட்டே பார்க்கலாம். லைனின் வேகத்தை மெகா பிட்டில் சொல்வார்கள். கணக்கின் அளவை மெகா பைட்டில் சொல்வார்கள். பழைய வாய்பாட்டில் எட்டு படி ஒரு மரக்கால் என்பதுபோல, எட்டு பிட் ஒரு பைட். 100 எம்பிபிஎஸ் என்றால் விநாடிக்கு 100 மெகா பைட் என்று எண்ணிவிடக் கூடாது. பன்னிரண்டரைதான்.

ஒரு கடையில் நாளொன்றுக்கு 600 பில் என்று வையுங்கள். ஒரு பில்லுக்கு 5 கிலோ பைட் என்று தாராளமாகவே போட்டாலும் மொத்தம் 3 மெகா பைட். அனுப்பும் வேகம் 10 எம்பிபிஎஸ் இருந்தால், நாள் முழுவதும் போட்ட பில் அத்தனையும் மூன்று விநாடிக்குள் போய்விடும். கணக்கு முழுவதையும் நகலெடுத்தால் 1 ஜிபி வருகிறது என்று கொண்டாலும், அதே லைனில் பதினான்கு நிமிடம் போதும்.

அப்படியானால் கடைகளில் லைன் ஏன் திணறுகிறது? பெரும்பாலும் கேமராவால். ஒரு கண்காணிப்பு கேமரா 2 எம்பிபிஎஸ் அளவில் இடைவிடாமல் படத்தை வெளியே அனுப்பினால், ஒரு நாளைக்கு ஏறத்தாழ 21.6 ஜிபி ஆகும். நான்கு கேமரா என்றால் 86 ஜிபி. 10 எம்பிபிஎஸ்சில் 8 அதற்கே போய்விடும். பில்லுக்கு மிஞ்சுவது 2. எனவே கேமராப் பதிவைக் கடையிலுள்ள பெட்டியிலேயே வைத்துக்கொள்ளுங்கள். தேவையான போது மட்டும் செல்போனில் பாருங்கள். இந்த ஒரு மாற்றமே பெரிய லைனுக்கான செலவை மிச்சப்படுத்தும்.

நம்முடையது புயல் மாவட்டம்

சென்னையில் உட்கார்ந்து எழுதப்பட்ட ஆலோசனை நமக்கு அப்படியே பொருந்தாததற்குக் காரணம் இதுதான். 2011 டிசம்பர் 30ஆம் தேதி காலை தானே புயல் கடலூருக்கும் புதுச்சேரிக்கும் இடையே கரை கடந்தது. பொங்கல் சரக்கு குடோனில் ஏறியிருந்த நேரம். மின்சாரம் திரும்பப் பல இடங்களில் நாட்கள் ஆயின, கிராமங்களில் வாரங்கள் ஆயின. 2015 நவம்பரில் வெள்ளம். 2024 நவம்பர் 30 இரவு ஃபெஞ்சல் புயல் புதுச்சேரி அருகே கரை கடந்தது. அதைத் தொடர்ந்து சாத்தனூர் அணையிலிருந்து திறந்த நீர் தென்பெண்ணையில் பெருகி வந்து கடலூரின் பல பகுதிகளைச் சூழ்ந்தது. நமக்கு வியாபாரம் மிகுந்த தீபாவளி முதல் பொங்கல் வரையிலான காலமும், புயல் காலமும் ஒன்றாகவே வருகின்றன.

புயல் இல்லாத நாளிலும் லைன் அறுகிறது. விழுப்புரம் - நாகப்பட்டினம் நெடுஞ்சாலையை நான்கு வழியாக்கும் பணியில் தோண்டாத இடம் இல்லை. சிதம்பரத்தில் தேர் ஓடும் வீதிகளில் கடை வைத்திருப்போருக்கு வேறொன்றும் தெரியும். தேர் நாட்களில் குறுக்கே போகும் கம்பிகளுக்கு எப்படியும் வேலை வரும். எங்கள் கிளைக்கு ஒருமுறை ஃபைபர் அறுந்து முழுதாக இரண்டு நாள் சரியாகவில்லை. அங்கே பில்லிங் உள்ளூர்க் கணினியிலேயே நடந்ததால் வாடிக்கையாளர் யாருக்கும் அது தெரியவில்லை.

ஆகவே ஒரே ஒரு விலை உயர்ந்த லைனை விட, வெவ்வேறு வகையான இரண்டு சாதாரண லைன்கள் நமக்கு மேல். இரண்டு நிறுவனங்களிடம் வாங்கினால் மட்டும் போதாது. இரண்டு ஃபைபரும் ஒரே கம்பத்தில் வந்தால் ஒரே மரம் விழுந்து இரண்டும் போகும். ஒன்று ஃபைபர், மற்றொன்று செல்போன் கோபுரத்திலிருந்து வருவது என்று வைத்துக்கொள்ளுங்கள். ஒரு லைன் நின்றால் தானாக மற்றதற்கு மாறும் ரவுட்டர் கிடைக்கிறது. கோபுரமும் பேட்டரியிலும் டீசலிலும் சில மணி நேரமே ஓடும் என்பதை நினைவில் வையுங்கள். ஃபைபர் பெட்டிக்கும் ரவுட்டருக்கும் மட்டுமான சிறிய யுபிஎஸ் வாங்கி வைத்தால், மின்சாரம் போனாலும் சில மணி நேரம் தாங்கும்.

எங்கள் கடைகளில் இறுதியாக எடுத்த முடிவும் இதுவே. கடலூரிலும் சிதம்பரத்திலும் பில்லிங் அந்தந்தக் கடைக் கணினியில். ஒவ்வொரு கடைக்கும் ஒரு ஃபைபர், ஒரு சிம் லைன். இரவில் கிளவுடுக்கு நகல். ஒரு கடையின் கணக்கை மற்றதிலிருந்து பார்க்க விபிஎன். சிதம்பரத்து இருப்பை நிமிடத்துக்கு நிமிடம் கடலூரில் பார்க்கும் தேவை எங்களுக்கு இல்லை, காலையில் தெரிந்தால் போதும். அந்தத் தேவை உள்ளவர்களுக்குப் பதில் வேறாக இருக்கலாம்.

இணைப்பினால் கிடைக்கும் நன்மையையும் சொல்ல வேண்டும். 2025 செப்டம்பர் 22 அன்று ஜிஎஸ்டி விகிதங்கள் மாறியபோது, சோப்பு, பற்பசை, பிஸ்கட் ஆகியவை 18 சதவீதத்திலிருந்தும், நெய்யும் வெண்ணெயும் 12 சதவீதத்திலிருந்தும் 5 சதவீதத்துக்கு இறங்கின. ஒரே இரவில் நூற்றுக்கணக்கான பொருள்களுக்கு விகிதம் மாற்ற வேண்டியிருந்தது. இரண்டு கடையும் இணைந்திருந்தால் இந்த வேலையை ஓரிடத்தில் செய்தால் போதும்.

திருடனுக்கும் அதே வழிதான்

நாம் போகும் வழியில்தான் திருடனும் வருவான். வாடகைக் கணினியின் ரிமோட் டெஸ்க்டாப் வாசலை உலகத்துக்கே திறந்து வைப்பது, குடோன் கதவைத் திறந்து வைத்துவிட்டுத் தூங்குவதற்குச் சமம். கணக்கைப் பூட்டிவிட்டுப் பணம் கேட்கும் "ரான்சம்வேர்" கும்பல்கள் தேடி அலைவது இந்த வாசல்களைத்தான். இரண்டாம் வகைக்கு விபிஎன் கட்டாயம் என்று சொல்வது இதனால்தான்.

2024 ஜூலை இறுதியில், கூட்டுறவு வங்கிகளுக்கும் கிராம வங்கிகளுக்கும் கணினிச் சேவை செய்யும் சி-எட்ஜ் டெக்னாலஜீஸ் நிறுவனம் ரான்சம்வேர் தாக்குதலுக்கு உள்ளானது. நாட்டின் பணப் பரிமாற்ற அமைப்பான என்பிசிஐ, மற்றவர்களுக்குப் பரவாதிருக்க அதன் இணைப்பை உடனே துண்டித்தது. சுமார் 300 சிறிய வங்கிகளின் வாடிக்கையாளர்கள் பாதிக்கப்பட்டார்கள். ஆகஸ்டு 1இல் இணைப்பு திரும்பியது. இதில் நாம் கவனிக்க வேண்டியது, துண்டிக்கும் அதிகாரம் யாரிடம் என்பது அங்கே முன்கூட்டியே தெளிவாக இருந்ததைத்தான். நம் கடையில் ஏதோ தவறு என்று தெரிந்தால் எந்தக் கம்பியைப் பிடுங்குவது, யார் பிடுங்குவது என்று கணக்குப்பிள்ளைக்குத் தெரியுமா?

இன்னொன்று, கிளவுடில் வைத்தாலே நகல் இருக்கிறது என்று பொருள் அல்ல. 2021 மார்ச் 10 அன்று பிரான்ஸ் நாட்டின் ஸ்ட்ராஸ்பூர்க் நகரில் ஓவிஎச் நிறுவனத்தின் கணினிக் கிடங்கு ஒன்று எரிந்து போனது. அசலையும் நகலையும் ஒரே இடத்தில் வைத்திருந்தவர்கள் இரண்டையும் இழந்தார்கள். எனவே வாரம் ஒரு முறை ஒரு ஹார்டு டிஸ்கில் நகல் எடுத்து, கம்பியைக் கழற்றி, கடையல்லாத வேறிடத்தில் வையுங்கள். நகலிலிருந்து கணக்கைத் திரும்ப எடுக்க முடிகிறதா என்று மூன்று மாதத்துக்கு ஒரு முறை பார்த்துவிடுங்கள்.

சட்டம் என்ன சொல்கிறது?

2017ஆம் ஆண்டு மத்திய ஜிஎஸ்டி விதிகளில் 57ஆம் விதி நமக்காகவே எழுதியது போல இருக்கும். கணக்கைக் கணினியில் வைப்பவர், விபத்தாலோ இயற்கைக் காரணத்தாலோ அது அழிந்தால் நியாயமான காலத்துக்குள் மீட்கும்படி நகல் வைத்திருக்க வேண்டும் என்கிறது அது. அந்த ஆண்டின் ஆண்டறிக்கை தாக்கல் செய்ய வேண்டிய கெடுவிலிருந்து 72 மாதங்கள் கணக்கைக் காப்பாற்ற வேண்டும் என்பது சட்டம். புயலில் கணினி போய்விட்டது என்பது அதிகாரியிடம் சொல்லும் பதில் ஆகாது.

மொத்த வியாபாரிகள் மற்றொன்றையும் கவனிக்க வேண்டும். ஆண்டு விற்றுமுதல் 5 கோடி ரூபாயைத் தாண்டியவர்கள், மற்ற வணிகர்களுக்குப் போடும் பில்லுக்கு 2023 ஆகஸ்டு 1 முதல் இ-இன்வாய்ஸ் எண் பெற வேண்டும். அந்த எண்ணுக்கு இணையம் வேண்டும். லாரியில் லோடு ஏறி நிற்கும்போது லைன் இல்லை என்றால் வண்டி காத்திருக்கும். கடைக் கணினியில் பில் போட்டாலும் இரண்டாவது லைன் வேண்டும் என்பதற்கு இதுவே முக்கியக் காரணம். அவசரத்துக்குச் செல்போனின் இணையத்தைக் கணினிக்குக் கொடுத்தும் எண் வாங்கலாம். இதைக் கடைப் பையன்களுக்கு முன்னதாகவே கற்றுக் கொடுத்து வையுங்கள்.

கையெழுத்துப் போடுமுன்

லைன் விற்பவரிடமும் கிளவுட் விற்பவரிடமும் கீழ்க்கண்டவற்றுக்கு எழுத்தில் பதில் வாங்குங்கள்.

1. லைன் இல்லாதபோது பில் போட முடியுமா? எத்தனை நாள்?

2. அனுப்பும் வேகம் எவ்வளவு? வாங்கும் வேகத்தை மட்டும் சொன்னால் விட்டுவிடாதீர்கள்.

3. ஸ்டாட்டிக் ஐபி உண்டா? கட்டணம் என்ன?

4. உங்கள் கம்பி எந்தத் தெரு வழியாக, எந்தக் கம்பத்தில் வருகிறது? உங்கள் அலுவலகத்தில் ஜெனரேட்டர் எத்தனை மணி நேரம் ஓடும்?

5. பழுதானால் யாரைக் கூப்பிடுவது? ஞாயிற்றுக்கிழமை போன் எடுப்பார்களா?

6. கணக்கு எந்த ஊரில் இருக்கிறது? நகல் வேறு ஊரில் இருக்கிறதா?

7. நாளை உங்களை விட்டு விலகினால் என் கணக்கு முழுவதையும் எந்த வடிவில், எத்தனை நாளில், என்ன செலவில் தருவீர்கள்?

ஏழாவது கேள்விதான் மிக முக்கியம். உள்ளே கணக்கைப் போடக் கட்டணம் இருக்காது, வெளியே எடுக்கக் கட்டணம் உண்டு என்பது இந்தத் தொழிலில் பொதுவான நடைமுறை. இருபது ஆண்டு வாடிக்கையாளரின் கடன் பாக்கி அந்தக் கணக்கில்தான் இருக்கிறது. அது நம் சொத்து. எவர் கிடங்கில் வைத்தாலும் சாவி நம் இடுப்பில் இருக்க வேண்டும்.

சங்கத்துக்கு ஒரு வேண்டுகோள். ஒரே கடைவீதியில் முப்பது பேர் தனித்தனியாக லைன் பேசுவதை விட, சங்கத்தின் பெயரில் சேர்ந்து பேசினால் ஸ்டாட்டிக் ஐபியும் பழுது நேரமும் நியாயமான விலைக்கு எழுத்தில் கிடைக்க வாய்ப்புண்டு. கடலூர், சிதம்பரம் உறுப்பினர்கள் சேர்ந்து அக்டோபரில் மழை தொடங்குமுன் ஒரு நாள் கூடி, விவரம் தெரிந்த ஒருவரையும் ஆடிட்டர் ஒருவரையும் அழைத்து இதைப் பேசிவிடுவது நல்லது. அன்று ஒவ்வொருவரும் தத்தம் கடையில் காலை பத்து மணிக்கு லைனைக் கழற்றி வைத்துவிட்டு, பகல் ஒரு மணி வரை வியாபாரம் செய்து பார்த்துவிட்டுக் கூட்டத்துக்கு வரட்டும். எந்த லைன் வேண்டும் என்பது அதற்குள் அவர்களுக்கே தெரிந்துவிடும்.